மேல்காற்றுக்குக் காத்திருந்த வேன்

அரைப்பரீட்சை லீவு விட்ட அன்று சாயந்திரம் அக்கா போன் செய்தாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வாசலில் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

"ஷெட்காரன் கைய விரிச்சிட்டான்டா. டிங்கரிங் முடிஞ்சிச்சி, வண்டிய எடுத்துகினு போன்றான். பெயின்ட் இப்ப அடிக்க மாட்டானாம். மழ விடட்டும், பொங்கலு கழிச்சி வாங்கன்றான். பொங்கலு வரிக்கும் நான் இன்னா பண்றது? ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள எஃப்.சி. காட்டணுமே."

அக்கா ஓட்டுவது பள்ளிக்கூட வேன். கவரப்பேட்டைக்கு மேற்கே, சத்தியவேடு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஊர்களில் பிள்ளைகளை ஏற்றி ஸ்கூலில் விட்டு, சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாள். அந்த வேனை முதலில் ஓட்டியவர் மாமா, அவள் புருஷன். ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இனி பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா அதுவரை ஸ்கூட்டி தவிர வேறு எதையும் தொட்டதில்லை. வண்டி சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, அவளே ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் எஃப்.சி. அது இல்லாத வண்டியை ஸ்கூல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த ரூட்டைக் கேட்டு வேறு வேன்காரர்கள் ஏற்கெனவே ஸ்கூலுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா வண்டியில் கூரையின் ஓரமும் கதவுகளின் அடிப்பாகமும் துருப்பிடித்து உளுத்துப் போயிருந்தன. ஷெட்காரர் அதையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார். இப்போது அது பாதி மஞ்சள், பாதி வெறும் தகடு, நடுநடுவே பட்டி பூசிய சாம்பல் திட்டு என்று நின்றது. அந்தக் கோலத்தில் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நான் அடிச்சித் தர்றேன்க்கா. ஊட்டாண்டயே அடிச்சிக்கலாம்," என்றேன்.

என் தொழிலே பெயின்ட் அடிப்பதுதான். சிப்காட்டில் கார்களுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஸ்பிரே பிரிவில் இருக்கிறேன். கண்ணாடி போட்ட மூடிய அறை. காற்றை வடிகட்டி, ஈரத்தை எடுத்து, ஒரே சூட்டில் உள்ளே அனுப்புவார்கள். வெளியே புயல் அடித்தாலும் உள்ளே அது தெரியாது. சுவரில் இருக்கும் மீட்டர் முள் ஈரத்துக்கான சிவப்புக் கோட்டைத் தொட்டால் லைன் தானாக நின்றுவிடும். நின்றால் டீ குடிக்கப் போவோம். ஈரத்தைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய கம்ப்ரஸரோடு அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன். லீவும் போட்டிருந்தேன். ஏரிக்கரையை ஒட்டிய வீடு. வாசலில் காகித நட்சத்திரம் நனைந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். ஃபேக்டரில ஏசி ரூமுல அடிக்கிற ஆளு, இந்த ஊத காத்துல அடிப்பியா?" என்றார். கேலியா அக்கறையா என்று தெரியவில்லை.

"அடிச்சிடலாம் மாமா."

"நான் சொன்னேன் உங்க அக்காவாண்ட. வித்துடலாம்டி, யாருக்கு இந்த பேஜாருன்னு. கேட்டாத்தானே."

அக்கா உள்ளேயிருந்து, "வித்துட்டு? ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு குந்தியிருக்கலாமா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றதே தவிர முடியவில்லை என்பது அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் தெரிந்தது. மாமா எதைச் சொன்னாலும் அக்கா பதிலைச் சுருக்கினாள். அக்கா எதைச் செய்தாலும் மாமா நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

முதல் நாள் வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. நானும் அக்காவும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைப் போட்டு வண்டி முழுக்கத் தேய்த்தோம். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால், வெள்ளையாகத் தேய்த்துவைத்திருந்த புதுத் தகட்டில் செம்பழுப்பாக ஒரு மெல்லிய படலம் ஏறியிருந்தது. சோறு தின்று கை கழுவும் நேரத்தில் துரு. கம்பெனியில் இப்படி நான் பார்த்ததே இல்லை. மறுபடி தேய்த்து, துணியால் துடைத்து, இருட்டுவதற்குள் அவசரமாக அடிப்பூச்சான பிரைமரை அடித்து மூடினேன்.

காலையில் பார்த்தபோது சாம்பல் நிற பிரைமர் மேல் கறுப்புப் புள்ளிகள் மிளகுத்தூள் தூவியது போல ஒட்டியிருந்தன. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது இன்னதென்று சொல்லத் தேவையில்லை. கிழக்கே கடலிலிருந்து காற்று வரும் நாட்களில் இரும்பு உருக்கும் ஆலைகளின் கரியையும் அது வாரிக்கொண்டு வரும். கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் தெரியும். அதாவது, அந்தக் காற்றில் இரண்டும் இருந்தன: ஈரம், கரி.

கூடாரம் கட்டினோம். வீட்டுச் சுவரையும் சவுக்குக் கழிகளையும் சேர்த்து நீலத் தார்ப்பாயை மேலே இழுத்து, பக்கங்களிலும் தொங்கவிட்டோம். மண்தூசி எழாமல் இருக்க நனைத்த சாக்குகளைத் தரையில் விரித்தேன். விரித்த பிறகுதான் அதுவும் ஈரம் என்று உறைத்தது. எடுத்தால் தூசி, விட்டால் ஈரம். விட்டுவிட்டேன்.

நேராக முழு வண்டியில் கைவைக்கப் பயமாக இருந்தது. பின்கதவில் மட்டும் மஞ்சள் அடித்துப் பார்த்தேன். அடிக்கும்போது பளபளவென்று ஈரமாக, கண்ணாடி போல இறங்கியது. அக்கா பின்னால் நின்று, "சூப்பர்டா," என்றாள். நான் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துத் திரும்புவதற்குள் அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியது. கண் முன்னாலேயே மங்கியது. யாரோ மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு வெண்மை, கதவின் நடுப்பக்கம் நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது.

"இன்னாடா இது, பாலு ஊத்துன மாரி?"

"ஈரம்க்கா. தின்னர் ஆவியாப் போவும்போது தகடு குளுந்து போயிடும். குளுந்த தகட்டுல காத்துல இருக்கற தண்ணி வந்து குந்திக்கும்."

"அதுக்கு இன்னா பண்றது?"

"தேச்சி எடுக்கணும். மறுபடி அடிக்கணும்."

"மறுபடி அடிச்சா மட்டும் வராதா?"

மாமா நாற்காலியிலிருந்து, "நான் சொன்னேன்ல," என்று தொடங்கினார். அக்கா வாட்டர் பேப்பரை எடுத்துக் கதவைப் பரக் பரக் என்று தேய்க்க ஆரம்பித்தாள். மாமா சொல்ல வந்தது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

கம்பெனியில் கூட வேலை செய்பவரைப் போனில் பிடித்தேன். மெதுவாகக் காயும் தின்னர் ஒன்று இருக்கிறது, மழைக்காலத்துக்கு அதைக் கலக்கச் சொன்னார். செங்குன்றம் வரை போய் வாங்கி வந்தேன். கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்தேன். அரைச் சொம்புத் தண்ணீர் துருநிறத்தில் கொட்டியது. வெளிக்காற்றை அமுக்கி டேங்குக்குள் தள்ளும்போது அதிலிருக்கும் ஈரமும் சேர்ந்து உள்ளே போய்த் தண்ணீராகி நிற்கும். அதைத்தான் நான் பெயின்ட்டோடு சேர்த்து அடித்திருக்கிறேன்.

அடுத்த நாள் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பொழுது விடிந்ததிலிருந்து தூறலும் நிற்பதுமாக இருந்தது. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் ஒரு வெளுப்பு வந்தது. மேகம் பிரிந்து, வெயில் என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம் விழுந்தது. இதை விட்டால் எப்போது என்று தோன்றியது. மஞ்சளில் ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கினேன். அதைக் கலந்துவிட்டால் திரும்ப வழியில்லை. கொஞ்ச நேரத்துக்குள் அடித்துத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். கன்னில் ஊற்றி ஓரமாக மாட்டிவிட்டு, தின்னரில் நனைத்த துணியால் கடைசி முறையாக வண்டியைத் துடைத்துக்கொண்டு வந்தேன். தின்னர் டப்பா மூடி திறந்தபடி சக்கரத்தருகே இருந்தது. பக்கத்துத் தார்ப்பாய்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே வாடை கண்ணைக் கரித்தது. முகத்தில் மாஸ்க் இருந்தது.

சுவர்ப் பக்கம் தார்ப்பாய் விலகியது. மாமா குனிந்து உள்ளே வந்தார். கையில் இரும்புச் சட்டி. அதில் சிவக்கச் சிவக்க நெருப்பு. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு எரித்த விறகின் கரியை எடுத்துவைத்திருந்து, பின்பக்கம் கனல வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"ஈரத்துக்கு இத்த உள்ள வெச்சா காஞ்சி..."

நான் மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று அவருக்குக் கேட்டிருக்காது. அவர் சட்டியைத் தரையில் வைத்தார். நான் துடைத்துப் போட்ட துணி ஒன்று அங்கே கிடந்தது. குப்பென்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை. நீலமாக ஒரு தீ துணியிலிருந்து எழுந்து தார்ப்பாயின் தொங்கும் ஓரத்தைத் தொட்டது. தார்ப்பாய் சுருங்கிக்கொண்டு மேலே ஏறியது.

தின்னர் டப்பாவை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அக்கா மறுபக்கத்திலிருந்து வந்து, தரையில் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கித் துணி மேலும் சட்டி மேலும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். புகை சூழ்ந்தது. நான் தார்ப்பாயைப் பிடித்துக் கிழித்து இழுத்தேன். தீ அதோடு போயிற்று. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமியபடி சுவரோடு ஒட்டி நின்றார்.

மாஸ்க்கைக் கழற்றி எறிந்தேன்.

"அறிவு கீதா உனக்கு? இன்னா பண்ற நீ? எல்லாரையும் சேத்து கொளுத்தப் பாத்தியே!"

அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவரை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவேன். 'நீ' என்று சொன்னதை மூன்று பேருமே கேட்டோம். அக்கா என்னைத் தடுக்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. குனிந்து கரியைச் சாக்கால் அழுத்திக்கொண்டே இருந்தாள். மாமா கிழிந்த தார்ப்பாய் வழியாக வெளியே போனார்.

பக்கத் தார்ப்பாய்களைச் சுருட்டி உள்ளிருந்த வாடையை வெளியே விட்டேன். கலந்த பெயின்ட் கன்னில் காத்திருந்தது. கிழிந்த இடத்துக்குப் பழைய போர்வையைக் கட்டி மறைத்தேன். அக்கா அவருக்கு மத்தியான மாத்திரை கொடுக்க உள்ளே போனாள். போனவள் வாசலுக்கு வந்தாள். பின்பக்கம் போனாள். திரும்ப வந்தாள்.

"உள்ள இல்லடா."

"டீக்கடைக்கு போயிருப்பாரு."

"போனு இங்கியே கீது. மாத்திரையும் இங்கியே கீது. குடை கூட எடுத்துகினு போவல."

அப்போது தூறல் விழத் தொடங்கியது. கிழக்கே ஆலைப் புகைக்குழாய்கள் இருக்கும் திசை முழுக்கக் கறுத்திருந்தது. நான் கன்னைப் பார்த்தேன். அதைக் கழுவி வைக்கவாவது வேண்டும். ஒரு கோட் அடித்துவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டிய எடுடா," என்றாள். அவள் சொன்னது என் பைக்கை.

டீக்கடையில் இல்லை. சர்ச்சில் இல்லை, அங்கே கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள், அதன் வைக்கோல் நனைந்து சரிந்திருந்தது. ஏரிக்கரை மேல் பைக்கை ஏற்றினோம். சேற்றில் சக்கரம் வழுக்கியது. ஏரி நிரம்பி வழியும் கலங்கல் பக்கம் தண்ணீர் புரண்டு ஓடும் சத்தம் கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. கலங்கலில் மீன் வலை கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "உங்க ஊட்டுக்காரரா? ரோட்டு பக்கமா நடந்து போய்க்கினு இருந்தாரே," என்றார்.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. எதிரே வரும் லாரிகளின் விளக்கு மட்டும் தெரிந்தது. ஓரமாகப் போகிற ஒவ்வொரு ஆளையும் மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டே போனோம். கவரப்பேட்டைக்குச் சற்று முன்னால், டிங்கரிங் ஷெட்டின் பூட்டிய ஷட்டருக்கு வெளியே, சிமென்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்து, இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா பைக் நிற்பதற்கு முன்பே குதித்தாள். கிட்டே போய் அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "வலிக்கிதா? நெஞ்சு வலிக்கிதா?"

"இல்ல. நடந்தது மூச்சு வாங்குது."

"எதுக்கு வந்த இங்க?"

"ஷெட்டுல ஒரு நாளு எடம் குடுப்பான்னு கேக்கலாம்னு வந்தேன். ஓடு போட்ட எடம், நாலு பக்கமும் செவுரு. அங்கன்னா மச்சான் நல்லா அடிப்பான். வந்து பாத்தா பூட்டிக்கினு கீது."

"போனு பண்ணி கேக்கறதுக்கு இன்னா?"

"போனுலன்னா முடியாதுன்னுடுவான். நேர்ல போய் நின்னா..."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மழையில் நின்றுகொண்டே கத்தினாள். "வண்டி போனா போவுது. அந்த ரூட்டு போனா போவுது. நீ ரோட்டுல உழுந்து கெடந்தா நான் யாராண்ட போய் கேக்கறது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தின்னரு வாடை அடிக்கிற எடத்துல நெருப்பு எடுத்தாரக் கூடாதுன்னு எனக்கு தெரியாதா மச்சான்? நான் டிரைவரு. பெட்ரோல் பங்க்ல பீடி பத்த வெச்சவன சட்டைய புடிச்சி வெளிய தள்ளினவன். ஊட்ல குந்திக்கினு எல்லாரும் வேலை செய்றதயே பாத்துகினு இருந்தா புத்தி மழுங்கிப் போவுது," என்றார்.

"நான் அப்டி பேசிருக்கக் கூடாது மாமா."

"பேசினது சரிதான். உடு."

அங்கிருந்தே ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஈரத்தில் அலையவிடாதீர்கள் என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கன்னில் இருந்த மஞ்சள் உறைந்து, மூடியைத் திருகவே முடியவில்லை. டப்பாவில் மிச்சமிருந்ததும் குச்சியோடு சேர்ந்து இறுகியிருந்தது. நல்ல கன் அது.

மறுநாள் முழுக்க மழை. வேனைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமா மட்டும் ஷெட்காரருக்குப் போன் போட்டபடியே இருந்தார். ஷெட்காரர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். ஷெட் சாவி அவரிடமே இருந்தது. ஆனால் அவருடைய பழைய கன் ஒன்று மச்சினன் வீட்டில் இருப்பதாகவும் அதைப் போய் வாங்கிக்கொள்ளும்படியும் இரக்கப்பட்டுச் சொன்னார். போய் வாங்கி வந்தேன். அக்கா மஞ்சள் இன்னொரு டப்பா வாங்கி வந்தாள்.

அதற்கு அடுத்த காலை கண் விழித்ததும் ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. உடம்பில் அந்தப் பிசுபிசுப்பு இல்லை. வெளியே வந்தேன். மாமா எனக்கு முன்பே வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நாகலாபுரம் மலை நீலமாக, வெட்டி வைத்தது போலத் தெளிவாகத் தெரிந்தது.

"மேல்காத்து திரும்பியிருக்குது மச்சான். தாழ்வு கடலுக்குள்ள தள்ளிப் போயிட்ச்சி. மத்தியானம் வரிக்கும் தாங்கும். அப்பால கடல் காத்து ஏறும்."

நான் கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அந்த வாரத்தில் முதல் முறையாக.

இரவில் இறங்கிய பனி வண்டியின் மேல் முத்து முத்தாக நின்றது. அது காயும்வரை காத்திருக்க வேண்டும். துடைத்துவிட்டு அடிக்கலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம், தகடு சூடேறட்டும் என்றேன். காத்திருந்த அந்த நேரம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒருவரும் நாஷ்டா தின்னவில்லை. மாமாவிடம் கம்ப்ரஸரை ஒப்படைத்தேன். அதை நீண்ட குழாயோடு கூடாரத்துக்கு வெளியே, வாடை வராத பக்கம் வைத்து, பக்கத்தில் அவர் நாற்காலியைப் போட்டோம். அடிக்கடி டேங்கின் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். அழுத்தம் இறங்கினால் குரல் கொடுக்க வேண்டும். காற்று மாறினாலும் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியின் முனையில் உட்கார்ந்துகொண்டார்.

மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிவிட்டுப் பெயின்ட்டைக் கலக்கினேன். கூரையில் தொடங்கினேன். ஏணி மேல் நின்று ஓரத்திலிருந்து நடு நோக்கிக் கையை ஒரே சீராக ஓட்டினேன். முதல் பட்டை இறங்கியதும் கையை நிறுத்திப் பார்த்தேன். மங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். மங்கவில்லை. கீழே குழாயைப் பிடித்திருந்த அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மாஸ்க்குக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது.

முதல் கோட் முடிந்து, தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வரும்வரை விட்டு, இரண்டாவது கோட் அடிக்கத் தொடங்கிக் கூரையை முடித்தேன். இடப்பக்கம் முடிந்தது. பின்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்தில் பாதியில் இருந்தபோது மாமா குரல் கொடுத்தார்.

"மச்சான், காத்து நின்னுபோச்சி."

தார்ப்பாய் அசையவில்லை. கையை வேகமாக ஓட்டினால் பெயின்ட் திட்டுத் திட்டாக விழும், மெதுவாக ஓட்டினால் காற்று திரும்பிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் போனேன். முன்கதவுக்கு வந்தபோது கிழக்கிலிருந்து முதல் அசைவு வந்தது. "கிழக்க ஏறுது, அந்தப் பக்கம் எறக்கு, எறக்கு!" என்று மாமா கத்த, அக்கா ஓடிப்போய்க் கிழக்குத் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டாள். கடைசிப் பட்டையை அடித்து முடித்தேன்.

நான் கன்னைக் கழுவி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. எதிர்பாராத மழை, கல்லெறிந்தது போல. சற்று நேரத்துக்கெல்லாம் தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி, வயிறு போலத் தொங்கத் தொடங்கியது. ஈர மஞ்சளுக்கும் அதற்கும் இடையே ஒரு கை அகலம்தான் இருந்தது. அது தொட்டால் எல்லாம் போயிற்று.

சவுக்குக் கழியை எடுத்து அடியிலிருந்து முட்டுக் கொடுத்தேன். தண்ணீர் வேறு பக்கம் ஓடி அங்கே தொங்கியது. அக்கா இன்னொரு கழியோடு அங்கே ஓடினாள். அது மூன்றாவது இடத்துக்கு ஓடியது. மாமா துடைப்பக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீ வராத! கைய தூக்காத!" என்று அக்கா அலறினாள்.

"தூக்கல. சும்மா தள்ளுறேன்."

உண்மையில் அவர் தள்ளவில்லை; எந்த இடத்தில் தொங்குகிறது என்று வெளியே நின்று பார்த்துச் சொன்னார். "நடுல, நடுல. இப்ப செவுத்தாண்ட. மச்சான், பின்னால பாரு!" சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் துணி உலர்த்தும் கழியோடு ஓடி வந்தார்கள். நான்கு பேர் தலைக்கு மேல் கழிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியில் ஒரு விரல்கூடப் படாமல், கால்மாற்றிக் கால்மாற்றி நின்றோம். புஜம் இரண்டும் எரிந்தன. பின்பக்க முடிச்சு ஒன்று அவிழ்ந்து, ஒரு குடம் தண்ணீர் கூரையின் பின்மூலையில் படாரென்று விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கழியை மட்டும் விடவில்லை.

மழை நின்றபோது யாராலும் கையைக் கீழே இறக்க முடியவில்லை. மெல்ல ஒவ்வொருவராக இறக்கினோம். பக்கத்து வீட்டம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மஞ்சா பூசிக் குளிப்பாட்டுன மாரி கீதுமா," என்றார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கூரையின் பின்மூலையில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தன. மிச்சமெல்லாம் நன்றாகவே வந்திருந்தது. அந்த மூலையைத் தேய்த்து மறுபடி அடிக்க நாள் இல்லை. காய்ந்ததும் கறுப்பில் எழுத்து எழுதவைத்து, அக்கா தானே ஓட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள். மாமாவும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், அவசர வழிக் கதவைத் திறந்து மூடினார். பின்பக்க ஏணியில் ஏறி நின்றவர் கூரையைப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"மழைங்க சார்," என்றாள் அக்கா.

அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார். இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார்.

ஸ்கூல் திறந்த வாரத்தில், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, தன் மகளின் பிரசவத்துக்காக ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டார். வேறு ஆள் தேடுவதாக அக்கா சொன்னாள். மாமா, "எதுக்குத் தேடணும்? ஏத்தி எறக்கறதுதானே, ஓட்றதில்லியே. டாக்டரக் கேளு," என்றாராம். டாக்டர் சரி என்றார். அக்காவுக்குத்தான் மனம் ஒப்ப ஒரு வாரம் பிடித்தது.

ஒரு காலை ஷிஃப்டுக்குப் போகும் வழியில் கவரப்பேட்டை ரயில்வே கேட்டருகே வேனைப் பார்த்தேன். தூறிக்கொண்டிருந்தது. மாமா படியில் நின்று, ஒரு கையில் குடையும் மறு கையில் யாருடையதோ ஒரு டிபன் பையும் பிடித்து, யூ.கே.ஜி. போகும் ஒரு பெண்ணைக் குனிந்து உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஹாரன் அடித்தேன். அவர் நிமிர்ந்து, "போ மச்சான், டைமாவுது எங்களுக்கு!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.